பட்டையா, குரோமா, டைட்டானியமா: பாலாற்றங்கரைத் தோல் எத்தனை காலம் உழைக்கும்?

ஒரு தோல் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது பழைய கேள்வி. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டிய ஊர்களில் பதனிடும் தோலைப் பற்றி இதற்குச் சொல்லப்பட்ட விடைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஐந்தாறு ஆண்டுக்கு மேல் தாங்காது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு குழு எழுதியது. கிணற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க ஊறினாலும் தாங்கும் தோலைச் செய்ய முடியும் என்று ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையில் ஒரு பொறியாளர் முயன்றுகொண்டிருந்தார். முன்னவர்கள் பார்த்தது ஆவாரம்பட்டைத் தோல். பின்னவர் செய்தது குரோம் தோல். இன்று இரண்டையும் விட்டு விலகி, டைட்டானியம் உப்பு வரை வேறு வழி தேடுகிறார்கள்.

பட்டைத் தோல்தான் நிற்கும் என்போர், குரோமுக்கு ஈடில்லை என்போர், எல்லாவற்றையும் ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடலாம் என்போர் எனத் தரப்புகள் பல. ஒவ்வொரு தரப்பும் தோலுக்கு ஒரு குறிப்பிட்ட எதிரியை வைத்துக்கொண்டுதான் விடை சொல்லியிருக்கிறது: ஒருவருக்கு விளக்குப் புகை, ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குக் கால் மடங்கும் இடம். இதைக் கவனிக்காமல் விடைகளை மட்டும் ஒப்பிட்டதால்தான் விவாதம் இத்தனை நீண்டது என்று தோன்றுகிறது.

லண்டன் தீர்ப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர். ஈ.ஐ. தோல் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். மானாவாரி நிலத்தில் தானாக வளரும் ஆவாரஞ்செடியின் பட்டையை உரித்து, அதன் சாற்றில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்து, முடிவில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பது முறை. கடுக்காய் நிறத்தை வெளுப்பாக்கும். வெயில் பட்டுச் சிவப்பேறுவதையும் ஓரளவு தடுக்கும். லண்டன் ஏலத்தில் இதற்கு நல்ல கிராக்கி. ஆட்டுத்தோல்கள் அங்கே ‘பெர்ஷியன்’ என்ற பெயரில் புத்தகம் கட்டுவோர் கைக்குப் போயின.

புத்தகத் தோல் பொடிப்பொடியாக உதிர்வது இங்கிலாந்தில் முன்பே தெரிந்த தொல்லை. 1843-இல் மைக்கேல் ஃபாரடே, லண்டன் அத்தீனியம் கிளப்பின் நூல்கட்டுகள் கெட்டதற்கு எரிவாயு விளக்கின் புகை காரணமாகலாம் என்று ஆராய்ந்தார். 1900-இல் ‘சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ்’ அமைப்பு காப்ஹாம் பிரபு தலைமையில் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. 1901-இல் வந்த அறிக்கை 1905-இல் விரிந்த நூலாயிற்று. ஈஸ்ட் இந்தியா ஆட்டுத்தோலைப் பற்றி அது சொன்னது கடுமையானது: இந்தத் தோலில் கட்டிய நூல்கள் பன்னிரண்டு மாதத்துக்குள்ளேயே சிதையத் தொடங்கியிருக்கின்றன, வெயிலும் வாயுப் புகையும் படும் அலமாரியில் ஐந்தாறு ஆண்டுக்கு மேல் இதை எதிர்பார்க்க முடியாது. சுமாக் இலையில் பதனிட்ட தோல்தான் நிற்கும் என்பது குழுவின் முடிவு.

வேதியியல் பின்னர் இந்தத் தீர்ப்பின் ஒரு பாதியை உறுதிசெய்தது. ஆவாரம்பட்டையில் இருப்பது கேட்டெகால் வகைத் துவர்ப்பு. சுமாக்கிலும் கடுக்காயிலும் இருப்பது பைரோகேலால் வகை. முதல் வகையில் பதனிட்ட தோல் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடை எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது. அது தோலுக்குள் கந்தக அமிலமாகிப் புரத இழைகளை அறுக்கிறது. செம்பொடியாக உதிரும் இந்த நோய்க்கு நூலகத்தார் வைத்த பெயர் ‘ரெட் ராட்’.

மறுபாதி அவ்வளவு உறுதியாக இல்லை. குழு பார்த்த தோல்கள் நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும் மண்டிய நகரத்தில் இருந்தவை. அதோடு, சாயமேற்றும்போது கந்தக அமிலம் சேர்ப்பது அன்றைய ஐரோப்பியச் சாயப்பட்டறைகளின் வழக்கம். அதையும் குழுவே கண்டித்தது. புத்தகம் கட்ட வசதியாகத் தோலைக் காகிதம்போல் இழைத்து மெலிதாக்கியதும் கெடுதலுக்குத் துணைபோயிற்று. இங்கிருந்து போன தோலின் பட்டைச் சாற்றைக் காரத்தில் கழுவி எடுத்துவிட்டு, மேலே சுமாக் ஏற்றி விற்றவர்களும் உண்டு. இத்தனை கை மாறிய பிறகு உதிர்ந்த தோலுக்கு ஆவாரம்பட்டை மட்டும் எப்படிப் பொறுப்பாகும்? பட்டை நிரபராதி என்று சொல்ல முடியாது. ஆனால் குற்றத்தில் எத்தனை பங்கு என்பதை அந்த அறிக்கை பிரித்துக் காட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. புத்தக அலமாரியில் தோற்ற இதே வகைத் தோல், கனத்த மாட்டுத்தோலாக, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேற்தோலுக்கு அரசே வாங்கிக் குவித்த சரக்கு. போர்முனை பூட்ஸின் ஆயுள் மாதக்கணக்கு. அந்தக் கணக்குக்கு அது தாராளமாகப் போதும்.

கிணற்றடியில் குரோம்

சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக வந்து, பின்னர் மாகாணத்தின் தொழில்துறைக்கே பொறுப்பேற்ற ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் 1903-இல் குரோம் பதனீட்டுச் சோதனையைத் தொடங்கினார். இதற்கு 19 ஆண்டு முன்புதான் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் இருகுளியல் குரோம் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்; 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே குளியலாக்கினார். அமெரிக்கர் மனத்தில் இருந்தது மெல்லிய ஷூத் தோல். சாட்டர்ட்டன் குறிவைத்த பொருள்களில் ஒன்று நம் ஊர்க் கவலை.

மாடு கட்டி இறைக்கும் கவலையில், சாலின் அடியில் தொங்கும் தோல் தும்பிதான் முதலில் போகிற உறுப்பு. ஒவ்வொரு இறைப்பிலும் நனையும், மடங்கும், கல்லில் உரசும், மேலே வந்து வெயிலில் காயும், மறுபடி நனையும். பட்டைத் தோலில் உள்ள துவர்ப்பைத் தண்ணீர் மெல்ல மெல்லக் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறையப் பச்சைத் தோல், அது அழுகும். குரோம் அப்படிக் கரைந்து போகாது. நீரிறைக்கும் தோலில் குரோம் நீடித்து நிற்கிறது, ஆனால் விலை கூட என்பதே சாட்டர்ட்டன் தரப்பின் வாதம்.

விவசாயிக்கு விலைதான் பேச்சு. அதற்குள் அரசு தொழில் நடத்தலாமா என்ற கேள்வி எழுந்து, 1910-இல் லண்டனிலிருந்து இந்தியாச் செயலர் மார்லி தடை போட, சாட்டர்ட்டனின் குரோம் தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்குக் கைமாறியது. சாட்டர்ட்டன் விதைத்தது வேறிடத்தில் முளைத்தது: ஜி. ஏ. சேம்பர்ஸ் சென்னைக்குத் தெற்கே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் அந்த இடத்துக்குக் குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. கவலையை ஆயில் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒழித்தன. தும்பித் தோல் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வி, கேட்க ஆளில்லாமல் போயிற்று.

கொதிநீரும் அதன் எல்லையும்

ஆம்பூர் டேனரிகளில் ‘பாயில் டெஸ்ட்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். டிரம்மிலிருந்து எடுத்த ஈரத் தோலில் தடிப்பான இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டுவார்கள். காகிதத்தில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போடுவார்கள். எடுத்து அதே கோட்டின்மேல் வைத்தால் கோடு மறைந்தபடியே இருக்க வேண்டும். உள்ளே சுருங்கினாலோ சுருண்டாலோ குரோம் நடுவரை ஏறவில்லை. டிரம்மை இன்னும் ஓட்ட வேண்டும்.

பச்சைத் தோல் 65 டிகிரி செல்சியஸை ஒட்டியே சுருங்கிவிடும். பட்டைத் தோல் 75 முதல் 85 வரை. குரோம் தோல் 100-ஐத் தாண்டும். இதன் அடித்தளமும் சென்னையில் கண்டதுதான். 1954-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மும்முறுக்கு அமைப்பை முன்வைத்தார்கள். ஆய்வுக்கான கங்காரு வால் தசைநார், 1948-இல் அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. பதனிடுதல் என்பது இந்த முறுக்கு அவிழாமல் கட்டிவைப்பது; சுருங்கும் வெப்பநிலை அந்தக் கட்டு எங்கே தளரும் என்பதற்கான அளவு.

அளவு நல்லதுதான்; அதை ஆயுளுக்கு அளவாக்கியதுதான் சிக்கல். ஷூ அணிபவர் யாரும் காலைக் கொதிநீரில் வைப்பதில்லை. காரின் முன்பலகையில் ஒட்டும் தோலை எடுத்துக்கொண்டால் கணக்கே தலைகீழாகிறது. அங்கே ஈரம் கிடையாது, மாதக்கணக்கில் உலர்ந்த சூடு மட்டும். அந்தச் சூட்டில் குரோம் தோல் அளவில் சுருங்கி இழுக்கும் என்பதால், கொதிநீர்ச் சோதனையில் தேறாத குளூட்டரால்டிஹைடுத் தோலைக் கார்க் கம்பெனிகள் கேட்டு வாங்குகின்றன. கொதிநீரில் முதல் மதிப்பெண் வாங்கிய தோல், வெயிலில் நிற்கும் காரில் பின்தங்கிவிடுகிறது.

பழம்பொருள் சாட்சியையும் இதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். 1786-இல் பிளிமத் துறையருகே மூழ்கிய ‘மெத்தா கத்தரினா’ கப்பலிலிருந்து 1973-க்குப் பிறகு வெளியே எடுத்த ரஷ்யப் பட்டைத் தோல், பை தைக்கிற அளவுக்கு நன்றாக இருந்தது. பட்டைத் தோல் ஆதரவாளர்கள் விடாமல் சொல்லும் சான்று இது. ஆனால் அது காற்றுப் புகாத சேற்றில் கிடந்த தோல். அதன் எதிரி அங்கே இல்லவே இல்லை. எதிர்த்தரப்பான குரோமுக்குத் தொழில் வயதே சுமார் 140 ஆண்டுதான். 200 ஆண்டு நின்ற குரோம் தோலைக் காட்டு என்று கேட்பதில் அர்த்தமில்லை.

குரோம் வென்றது எதனால்

உழைப்பு கூடியதால் குரோம் வென்றது என்பது பாடநூல்களில் அடிக்கடி காணும் விளக்கம். பாலாற்றங்கரை வரலாறு அதற்கு முழுதாக இடங்கொடுப்பதில்லை. இங்கே 1960-கள் முடிய ஈ.ஐ. தோலும் அரைப்பதனீட்டுத் தோலும்தான் பெரிய ஏற்றுமதி. 1972-இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலையும் அரைத்தோலையும் அனுப்புவதைக் குறைத்து, முடித்த தோலும் ஷூவும் செய்து அனுப்பச் சொன்னது. அரசு கோட்டா போட்டது. அதன் பிறகே குரோம் டிரம்கள் இந்தப் பகுதியில் பெருகின. குழியில் வாரக்கணக்கில் முடங்கும் முதலீட்டை, ஒரு நாளில் முடியும் டிரம்மோடு ஒப்பிட்டால் வியாபாரி எதைத் தேர்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. மென்மை, பளிச்சென்ற சாயம், வாங்குவோரின் ஃபேஷன் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆயுள் அந்தப் பட்டியலில் எங்கோ கீழே இருந்தது.

இதற்குக் கொடுத்த விலை தெரிந்ததுதான். டிரம்மில் போடும் குரோமில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போகும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்று மாசு பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு இன்னொரு கதை. தோலுக்குள் அழியாமல் நிற்பதே குரோமின் பெருமை. சீவல் கழிவும் அதே காரணத்தால் மக்குவதில்லை.

தோலுக்குள்ளும் குரோம் அப்படியே இருந்துவிடுகிறது என்பதற்கில்லை. பதனீட்டில் இருப்பது தீங்கு குறைந்த மூவிணைய குரோமியம். தோலுக்கு விடும் எண்ணெய் சிக்குப்பிடித்து, வெயிலும் சூடும் சேர்ந்தால், அதில் சிறு பங்கு ஆறிணைய குரோமியமாக மாறக்கூடும். சருமத்தில் படும் தோலில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றிய விதி. எனவே தோலை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து வயதாக்கிவிட்டுச் சோதிக்கும் வழக்கமும் வந்தது. இதைத் தடுக்க இன்று டேனரிகள் கையாளும் வழிகளில் ஒன்று, குரோம் தோலுக்கு மேலே மரப்பட்டைத் துவர்ப்பை மறுபடி ஏற்றுவது. லண்டன் குழு விரட்டிய சரக்கின் உறவுக்காரன் குரோமுக்குக் காவலாக உள்ளே வந்திருக்கிறான். இன்றைய ஷூ மேற்தோலில் பெரும்பகுதி இப்படிக் கலப்பு. பட்டையா குரோமா என்ற பழைய எதிர்நிலை டிரம்முக்குள் ஏற்கெனவே கரைந்துவிட்டது. வாதம் மட்டும் வெளியே நடக்கிறது.

டைட்டானியம் என்ற மூன்றாம் வழி

தோலில் டைட்டானியம் நுழைவது உலோகமாக அல்ல, உப்பாக. குரோமுக்கு மாற்றாக அலுமினியம், சிர்க்கோனியம், இரும்பு ஆகியவற்றோடு இதையும் நெடுநாளாக முயன்று வருகிறார்கள். சோவியத் ஒன்றியத்தில் அம்மோனியம் டைட்டனைல் சல்ஃபேட்டைத் தொழில் அளவிலேயே பயன்படுத்தினார்கள். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் டோனி காவிங்டன் 1980-களில் இதன் வேதியியலை விரிவாக ஆராய்ந்தார்.

சாதகங்கள் கவர்ச்சியானவை. தோல் வெள்ளை வெளேரென்று வருவதால் எந்தச் சாயமும் ஏறும். ஆறிணைய குரோமியம் என்ற பேச்சே இல்லை. மூலப்பொருளான இல்மனைட் மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலேயே அள்ளப்படுகிறது.

பாதகங்கள் வேதியியலிலேயே இருக்கின்றன. டைட்டானியம் உப்பு அமிலம் சற்றுக் குறைந்ததும் நீரோடு வினைபுரிந்து படிந்துவிடும். தோலின் மேற்பரப்பிலேயே படிந்து, நடுப்பகுதி பச்சையாக நிற்கும் அபாயம் உண்டு. இதைத் தவிர்க்கச் சிட்ரேட் போன்ற துணைப்பொருள்கள் வேண்டும். உப்பின் அளவும் குரோமைவிடக் கூட வேண்டும். குரோம், கொலாஜனின் கார்பாக்சில் குழுக்களோடு உறுதியாகப் பிணையும். டைட்டானியமோ ஆக்சைடுச் சங்கிலிகளாக இழைகளுக்கிடையே அமர்கிறது, பிணைப்பு தளர்வானது. சுருங்கும் வெப்பநிலை பெரும்பாலும் 90-ஐச் சுற்றியே நின்றுவிடுவதால், பாயில் டெஸ்ட்டில் தேறுவது கடினம்.

ஆனால் கார்த் தோலைக் கண்ட பிறகு, கொதிநீரில் தோற்றது என்பதற்காகவே டைட்டானியத்தைத் தள்ளுவது நியாயமாகத் தெரியவில்லை. தள்ளுவதற்குச் சரியான காரணம் வேறு: பல மழைக்காலம் அணிந்து கழித்த டைட்டானியம் ஷூக்களின் அனுபவம், குரோமுக்கு இருப்பதுபோல், தொழிலின் கையில் சேரவில்லை. ஆய்வுக்கூட ஆதரவாளர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள்.

மேற்தோல் இருக்க, அடி போனால்

ஆம்பூரில் ஷூத் தோலுக்குப் பார்க்கும் முக்கியமான உழைப்புச் சோதனை ஃபிளெக்ஸ். மடித்துப் பிடித்த துண்டு, பாலி ஃப்ளெக்சோமீட்டரில் ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிரும். 50,000, ஒரு லட்சம் என்று வாங்குபவர் கேட்பதற்கேற்ப எண்ணிக்கை மாறும். அதில் முதலில் விரிசல் விடுவது பெரும்பாலும் தோல் அல்ல. மேலே அடித்த நிறமிப் பூச்சும் பிசினும்தான் விரியும். தேய்த்து மட்டமாக்கிப் பூச்சேற்றிய தோலில் இந்தத் தொல்லை அதிகம்.

முழு ஷூவை எடுத்தால் தோலின் ஆயுள் இன்னும் பின்னுக்குப் போகிறது. பாலியூரித்தேன் அடிகள் ஈரக்காற்றில் நீராற்பகுப்பு அடைந்து, அணியாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் நொறுங்கக்கூடும். நம் கடலோர ஊர்களின் புழுக்கம் அதற்கு வாகான சூழல். ஒட்டுப்பசையும் தன் பங்குக்கு விட்டுக்கொடுக்கும். அடி கழன்ற ஷூவின் மேற்தோல் நன்றாக இருந்தும் குப்பைக்குப் போகிறது. வெல்ட் வைத்துத் தைத்த ஷூவில் அடியை மாற்றித் தைக்கலாம். ஒட்டிச் செய்யும் மலிவான வகைகளில் அது கைகூடுவது அரிது. பதனீட்டு முறையைப் பற்றிய நூறாண்டு வாதத்தில் இந்த எளிய செய்திக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

தீராதவை

இன்றைய நிலையில் சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தொடர்ந்து நனையும் இடத்தில் குரோமின் மேன்மை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. கந்தகப் புகை உள்ள காற்றில் கேட்டெகால் வகைப் பட்டைத் தோல் பலவீனமானது. 1990-களில் ஐரோப்பாவில் நடந்த ஸ்டெப் ஆய்வுத் திட்டம் அமிலச் சிதைவோடு ஆக்சிஜனேற்றமும் சேர்ந்து வேலைசெய்கிறது என்று காட்டியதால், பட்டை வகையை மட்டும் குறைசொல்லும் பழைய விளக்கம் இப்போது போதாது.

திறந்திருக்கும் கேள்விகளில் பெரியது, விரைவு முதுமைச் சோதனைக்கும் இயற்கை முதுமைக்கும் உள்ள உறவு. 80 டிகிரியில் ஒரு நாள் என்பது வேலூரின் சித்திரை வெயிலில் எத்தனை ஆண்டுக்குச் சமம் என்று சொல்ல எளிய மாற்றுக் கணக்கு கிடையாது. டைட்டானியத்துக்கும் குளூட்டரால்டிஹைடுக்கும் இந்தக் கேள்வி குரோமைவிட அவசரமானது. அவற்றுக்குத் துணையாக நிற்க நீண்ட அனுபவம் இல்லை.

ஆவாரம்பட்டை பற்றிய லண்டன் தீர்ப்பை மட்டும் இங்கேயே மறுபரிசீலனை செய்ய வழியிருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவேடுகளும் நூல்களும் உள்ளன. அவற்றில் இந்நாட்டுத் தோலில், இந்நாட்டிலேயே கட்டப்பட்டவற்றைப் பிரித்தெடுத்தால், லண்டனின் நிலக்கரிப் புகையும் சாயப்பட்டறை அமிலமும் படாத, ஆண்டு தெரிந்த மாதிரிகள் கிடைக்கக்கூடும். நூலைச் சேதப்படுத்தவும் வேண்டாம். முதுகுப் பக்கத்தில் தானாக உதிரும் சில இழைகளை நுண்ணோக்கியின் கீழ் நீரில் சூடேற்றி, எந்த வெப்பத்தில் சுருங்குகின்றன என்று பார்க்கும் முறை ஏற்கெனவே கையிலிருக்கிறது. அடையாற்றிலிருந்து எழும்பூர் பத்துக் கிலோமீட்டர்தான்.